ராத்திரி 2:10 மணி விருந்தாளி

மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. சாதாரண ஆணி இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிட்டுப் புடுங்கச் சொல்ற ஆணி. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாதவங்களும் தைரியமா உள்ளே வரலாம். (கமாண்டு எல்லாம் தமிழ் எழுத்துலதான் இருக்கும். வாய்விட்டுப் படிச்சா பிடிபட்டுடும்.)

சொல்ல வந்ததை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். லினக்ஸ் மாதிரியான சிஸ்டத்துல, கொன்னாலும் கொன்னாலும் மறுபடி வந்து நிக்கிற ப்ராசஸ் ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னா, எல்லாரும் கேட்கிற கேள்வி "இதை எப்படி நிறுத்தறது?" என்பதுதான். "இதை யார் வரச் சொன்னது? யாருக்காக?" என்று கேட்கணும் என்பது என் கட்சி. இதுக்குப் பதில் தெரியாம நிறுத்தறவன் பிரச்சினையைத் தீர்க்கறதில்லை, அடுத்தவன் தலையில கட்டறான். அந்த அடுத்தவங்க யாருன்னு ஒரு நாள் விடியக்காலைல எனக்குத் தெரிஞ்சது. அந்தக் கதையைச் சொல்லிட்டு வாதத்துக்கு வரேன்.

நான் வேலை பாக்கறது ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனி. எங்க கிளையன்ட்ல கொங்குப் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனம். பேர் வேண்டாம். நாளைக்கு எத்தனை பாக்கெட் வேணும்னு ஏஜென்ட்டுங்க நடுராத்திரி வரைக்கும் இன்டென்ட் போடுவாங்க. விடியறதுக்கு முன்னாடி வண்டி கிளம்பும். நடுவுல ஓடற மென்பொருளைப் பாத்துக்கறது எங்க டீம். 2024ல ஆன்-கால் முறை என் தலையில விழுந்தது.

முதல் ராத்திரியே 2:25க்கு போன் அலறிச்சு. சர்வர்ல லோடு எகிறிப்போய் அப்ளிகேஷன் நகர மாட்டேங்குது. லாகின் பண்ணி 'டாப்' அடிச்சுப் பாத்தா, லிஸ்ட்டோட உச்சியில 'ரன்2.பிஎல்'னு ஒரு பெர்ல் ஸ்க்ரிப்ட் உக்காந்து சிபியுவைத் தின்னுட்டிருக்கு. கில் -9. ஆள் காலி. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன்.

மறுநாள் 2:25. போன். அதே ரன்2. கில் -9.

அதுக்கு மறுநாளும் அதே. இப்படி 11 ராத்திரி ஓடிச்சு. கல்யாணம் ஆன புதுசு வேற. "ராத்திரி ராத்திரி யாரைக் கொல்லணும்னு போன்ல பேசறீங்க?"ன்னு வீட்டம்மா கேக்கற அளவுக்குப் போயிடுச்சு. அவ்வ்வ்வ்...

கில் கமாண்டு உயிரோட இருக்கற ப்ராசஸைத்தான் கொல்லும். அதைப் பெத்துப் போடறவரைத் தொடாது. இங்க பெத்துப் போடறவர் பேர் கிரான். பழைய ஆளுங்க. 1979ல வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புலயே உண்டு. இன்னிக்கு பல லினக்ஸ்கள்ல ஓடறது பால் விக்ஸி என்பவர் 1987ல எழுதின கிரானும் அதோட வாரிசுகளும்தான். (பால் கம்பெனி கதைல பால் விக்ஸி. நான் சேர்த்தது இல்லீங்க, தானா அமைஞ்சது.) அவர் வேலை ரொம்ப சிம்பிள். நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணைத் திறப்பார். கிரான்டேப்னு ஒரு பட்டியலைப் பார்ப்பார். நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமைன்னு அஞ்சு கட்டம், அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு ஒரு கமாண்டு. நேரம் பொருந்திச்சுன்னா ஓட்டிவிட்டுட்டு மறுபடி கண்ணை மூடிக்குவார். ஏன், எதுக்குன்னு கேக்கவே மாட்டார். எழுதி வெச்சவன் செத்தானா இருக்கானான்னும் பாக்க மாட்டார்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தேடாமலும் இல்ல. ரூட் யூசரோட கிரான்டேப்பைத் திறந்து, 2:10 வாக்குல ஆரம்பிக்குதேன்னு '10 2'ன்னு தேடினேன். இல்ல. /ஈடிசி/கிரான்.டி ஃபோல்டர்ல தேடினேன். அங்கயும் இல்ல. தூக்கக் கலக்கம், எரிச்சல், மறுநாள் காலைல 10 மணிக்கு மீட்டிங் வேற. பண்ணக் கூடாத ஒரு காரியத்தைப் பண்ணினேன்.

அந்த ப்ராசஸைக் கொல்றதுக்குன்னே நான் ஒரு கிரான் எழுதினேன்.

சிரிக்காதீங்க. நீங்களும் எழுதியிருப்பீங்க. ரூட் கிரான்டேப்ல ஒரே ஒரு வரி. '25 2 * * *', அதுக்கப்புறம் 'பிகில் -9 -எஃப் ரன்2'. தினமும் 2:25க்கு எனக்குப் பதிலா அது கொன்னுடும். அன்னிக்கு நிம்மதியா படுத்தேன்.

2:25க்கு போன் வந்திடுச்சு.

என்னடா இதுன்னு எழுந்து 'டேட்' அடிச்சேன். சர்வர் 20:57ன்னு காமிக்குது. தலையில அடிச்சுக்கிட்டேன். சர்வரோட கடிகாரம் யூடிசில ஓடுது. நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. என் கொலைகார கிரான் நம்மூர் காலைல 7:55க்குத்தான் வரும், நான் பல் விளக்கிட்டு இருக்கும்போது. '55 20'ன்னு மாத்தி எழுதினேன். அன்னிலிருந்து போன் நின்னுடுச்சு. நாலு நாள் ராஜா மாதிரி தூங்கினேன்.

அஞ்சாவது நாள் மேனேஜர் கூப்பிட்டு, "அந்த ராத்திரி பிரச்சினைக்கு மூலகாரணம் என்னன்னு கிளையன்ட் கேக்கறாங்க, ஒரு பக்கம் எழுதிக் குடு"ன்னார். 'கொலைகாரனை நியமிச்சிருக்கோம்'னு எழுத முடியாதில்ல? மறுபடி தேடினேன். இந்தத் தடவை '40 20'. கிடைச்சிடுச்சு. டீம்ல எல்லாரும் பொதுவா யூஸ் பண்ற அப்ளிகேஷன் அக்கவுன்ட்டோட கிரான்டேப்ல, மேல கீழ எந்த விளக்கமும் இல்லாம ஒரே வரி. பிஎஸ் கமாண்டு முதல் நாளே யூசர் கட்டத்துல அந்த அக்கவுன்ட் பேரைக் காமிச்சிட்டுத்தான் இருந்தது. பாக்காதது என் தப்பு.

கிரான்டேப் -இ. அந்த வரி மேல டிடி. சேவ். அவ்ளோதான். 'தேவையற்ற பழைய வேலை ஒன்று கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது'ன்னு செந்தமிழ்ல நினைச்சு இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதினேன். மேனேஜர் 'குட் ஜாப்'னு மெயில் போட்டார். நாலு பேருக்கு சிசி வேற.

அன்னிக்கு ராத்திரி 2:25க்கு போன் வரலை. 3:20க்கு வந்துச்சு.

இந்தத் தடவை மானிட்டரிங் சிஸ்டம் இல்ல, ஒரு மனுஷக் குரல். பால் டிப்போ சூப்பர்வைசர். "தம்பி, லோடு ஷீட் இன்னும் வரலைங்க. வண்டி பூரா நிக்குதுங்க. எந்த வண்டிக்கு எத்தன டப் ஏத்தறதுன்னு தெரியாம பசங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க. பால் காத்திருக்குமுங்களா?"

விஷயம் இதுதான். ரன்2 ரெண்டு வேலை பண்ணிட்டிருந்தது. முதல் அஞ்சு நிமிஷத்துல அன்னிக்கு வந்த இன்டென்ட்டை எல்லாம் கூட்டி, வண்டி வாரியா லோடு ஷீட் போட்டு டிப்போவுக்கு அனுப்பிடும். அதுக்கப்புறம் உக்காந்து, ஆதி காலத்துலேர்ந்து இருக்கற மொத்த விற்பனையையும் படிச்சு ஏதோ ஒரு ரிப்போர்ட் போடும். சர்வரைத் தின்னது அந்த ரெண்டாவது பாதி. நான் கையால கொன்னதும், கிரான் வெச்சுக் கொன்னதும் 2:25க்கு அப்புறம்தான். அதுக்குள்ள லோடு ஷீட் பத்திரமா போய்ச் சேர்ந்திருக்கும். அதனாலதான் இத்தனை நாள் ஒண்ணும் ஆகலை. நான் 'சரியா' வேரைப் பிடுங்கின அன்னிக்குத்தான் மரம் சாஞ்சது.

கொன்னப்ப ஆபத்து இல்ல, நிறுத்தினப்ப ஆபத்து. நம்ம வேலைல இப்படியும் உண்டு மக்களே.

அழிச்ச வரிக்கு என்கிட்ட காப்பி இல்ல. ஒரு நல்ல காலம், கிரான் தான் ஓட்டற ஒவ்வொரு கமாண்டையும் லாக்ல எழுதி வைக்கும். ரெட்ஹேட் வகையறாவுல /வார்/லாக்/கிரான், டெபியன் வகையறாவுல பொதுவா சிஸ்லாக். முந்தின நாள் லாக்லேர்ந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஓட்டினேன். என் லாகின்ல ஓட்டினதால பர்மிஷன் இல்லைன்னு முரண்டு பிடிச்சுது. அப்புறம் அந்தப் பொது அக்கவுன்ட்டுக்கு மாறி ஓட்டினேன். லோடு ஷீட் போகும்போது மணி 4:10. கடைசி வண்டி கிளம்பும்போது 5:30. அதுக்குள்ள சூப்பர்வைசர் முந்தின நாள் ஷீட்டை வெச்சுக்கிட்டு குத்துமதிப்பா மூணு வண்டியை அனுப்பிட்டார். அந்த மனுஷன் இல்லைன்னா இன்னும் மோசமாயிருக்கும். நாலரைக்குக் கடை திறக்கற டீக்கடைக்காரங்க எத்தனை பேர் அன்னிக்குப் பால் இல்லாம பாய்லர் முன்னாடி நின்னாங்களோ. என் ரிப்போர்ட்டை சிசில பார்த்த நாலு பேருக்கும் அவங்களைத் தெரியாது. எனக்கும் தெரியாது.

காலைல அந்தக் கிரான்டேப்பை ஒழுங்கா மேலேர்ந்து படிச்சேன். முதல் வரியில மெயில்டூன்னு ஒரு மெயில் ஐடி. கிரான் ஓட்டற வேலை ஏதாவது முனகினா, அந்த முனகலை அந்த ஐடிக்கு மெயில் பண்ணும். யார் ஐடின்னு பாத்தா, 2023ல எங்க கம்பெனி வீட்டுக்கு அனுப்பின சீனியர் ஒருத்தரோடது. மெயில் ஐடியை அன்னிக்கே மூடிட்டாங்க. அதாவது அந்த ஸ்க்ரிப்ட் இத்தனை மாசமா, தான் படற பாட்டை எல்லாம், இல்லாத ஒருத்தருக்கு மெயில் போட்டுச் சொல்லிட்டிருந்திருக்கு.

லாக்ல இன்னொண்ணும் கண்ணுல பட்டுது. நான் கிரான்டேப்பைத் தொட்ட நிமிஷத்துல, அந்த சீனியரோட யூசர் பேரைப் போட்டு 'ஆர்ஃபன்'னு ஒரு வரி. அக்கவுன்ட்டை மட்டும் அழிச்சிட்டு அவரோட சொந்தக் கிரான்டேப்பை விட்டுட்டாங்க போல. பட்டியல் இருக்கு, ஆள் இல்லைன்னா, அதுல இருக்கற எதையும் ஓட்டாம, கிரான் இப்படித்தான் எழுதி வைக்கும். அநாதை. அந்த ப்ரோக்ராமை எழுதினவர் சும்மா ஒரு டெக்னிக்கல் வார்த்தையாத்தான் போட்டிருப்பார். எனக்கு என்னவோ கொஞ்ச நேரம் அந்த வரியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஒரு நண்பர்கிட்ட நம்பர் வாங்கி அவருக்குப் போன் பண்ணினேன். நேர்ல பார்த்ததே இல்ல. "அண்ணா, உங்க பழைய டீம்லேர்ந்து பேசறேன். ரன்2ன்னு ஒண்ணு..." அவ்ளோதான் சொன்னேன்.

"அது இன்னுமா ஓடுது?"ன்னு சிரிச்சார். அப்புறம் பத்து நிமிஷம் எல்லாத்தையும் ஒப்பிச்சார். 2018ல எழுதினதாம். இன்டென்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு மூடும், லேட்டா வர்றதுக்கு ஒரு பத்து நிமிஷம், அதனால 2:10. ரெண்டாவது பாதி, அப்ப கிளையன்ட் பக்கம் இருந்த ஒரு மேனேஜர் கேட்டதாம். "ரெண்டு வாரத்துக்கு மட்டும் குடுங்க"ன்னு. தேதி வரம்பு எதுவும் வைக்காம எழுதியிருக்கார், ரெண்டு வாரம்தானேன்னு. ஆரம்பத்துல ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுமாம். டேட்டா வளர வளர அதுவும் வளர்ந்திருக்கு. ரெண்டு வாரம் ஆறு வருஷம் ஆயிடுச்சு. அந்த மேனேஜரும் இப்ப அங்க இல்ல.

"ஏண்ணா, போறப்ப இதை யார்கிட்டயும் சொல்லலையா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காலைல 11 மணிக்கு மீட்டிங்னு கூப்பிட்டாங்க தம்பி. 12 மணிக்கு லேப்டாப் லாக் ஆயிடுச்சு. யார்கிட்டன்னு சொல்றது?"

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. "சாரிண்ணா"ன்னேன். "நீ ஏன் தம்பி சாரி சொல்ற, வண்டி எல்லாம் கிளம்பிடுச்சா?"ன்னு கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

சரி, ரன்2வை ரெண்டா வெட்டினேன். லோடு ஷீட் தனி, ரிப்போர்ட் தனி. ரிப்போர்ட் யாருக்காவது வேணுமான்னு கிளையன்ட்கிட்ட எழுதிக் கேட்டு, அந்த வரியை அழிக்காம முன்னாடி ஒரு # போட்டு, தேதியும் எழுதி வெச்சேன். ஒரு மாசம் பாத்தேன். ஒருத்தரும் கேக்கலை. அதுக்கப்புறம்தான் எடுத்தேன். கதை சுபம்னு நினைச்சீங்கன்னா, இன்னும் ஒரு சீன் பாக்கி.

மூணு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி மறுபடி லோடு ஷீட் வரலை. அன்னிக்கு டேட்டாபேஸ் கொஞ்சம் மந்தம். அஞ்சு நிமிஷத்துல முடியற லோடு ஷீட் வேலை 2:25ஐத் தாண்டி ஓடிட்டிருந்திருக்கு. திடீர்னு பாதியில செத்துப்போச்சு. எர்ரர் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரோ கொன்னிருக்காங்க. யாருடா அதுன்னு ஒரு மணி நேரம் தேடினேன்.

நான்தான். ரூட் கிரான்டேப்ல '55 20', பிகில். நானே எழுதி, நானே மறந்துபோன வரி. புது ஸ்க்ரிப்ட் பேர்லயும் 'ரன்2' இருந்ததால போட்டுத் தள்ளிடுச்சு. மேல ஒரு விளக்கம் இல்ல, என் பேர் இல்ல, ஏன்னு இல்ல. நான் வேலையை விட்டுப் போயிருந்தா, அடுத்து வர்ற ஒரு தம்பி அதைப் பாத்து என்னை என்ன திட்டு திட்டியிருப்பான்?

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. அந்த சீனியருக்காவது 12 மணிக்கு லேப்டாப்பைப் பிடுங்கினாங்கன்னு ஒரு காரணம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?

இனி வாதம்.

தேடற முறையை முதல்ல சொல்றேன், ஒருத்தருக்காவது உபயோகப்படும். கொல்றதுக்கு முன்னாடி விசாரிங்க. பிஎஸ் -இஎஃப் அடிச்சா யார் பேர்ல ஓடுது, அதோட அப்பன் யாருன்னு ரெண்டும் வரும். அப்பன் வழியா மேல போனா பெரும்பாலும் கிரான்லயோ சிஸ்டம்டிலயோ போய் முட்டும். சிபியுவைத் தின்னுதுன்னு பயமா இருந்தா, கில் -9க்குப் பதிலா கில் -ஸ்டாப். ஆள் உறைஞ்சு நிப்பான், சாக மாட்டான், நிதானமா விசாரிக்கலாம். (மெமரியையும் டேட்டாபேஸ் லாக்கையும் பிடிச்சிட்டேதான் நிப்பான், அதனால ரொம்ப நேரம் விடாதீங்க.) கிரான்டேப் -எல் உங்களுடையதை மட்டும்தான் காட்டும். ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியா உண்டு, -யூ போட்டுப் பாக்கணும். அதைத் தவிர /ஈடிசி/கிரான்டேப், கிரான்.டி, அப்புறம் மணிக்கு, நாளுக்கு, வாரத்துக்கு, மாசத்துக்குன்னு நாலு ஃபோல்டர். 'அட்' கமாண்டோட வரிசை. புது சிஸ்டத்துல சிஸ்டம்டி டைமர்கள், 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் --ஆல்' அடிச்சா வரும். நேரங்காலம் இல்லாம செத்த உடனே எழுந்து வருதுன்னா அது கிரானே இல்ல, ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி எழுதி வெச்ச ஒரு சர்வீஸ். எங்கயும் இல்லைன்னா வேற ஒரு மெஷின்லேர்ந்து எஸ்எஸ்ஹெச் வழியா வந்து ஓட்டிட்டுப் போகுது. எல்லாத்துக்கும் முன்னாடி 'டேட்' அடிச்சு எந்த நாட்டு நேரம்னு பாத்துடுங்க, ஹி ஹி.

கட்டத்தைப் படிக்கறதுலயும் குழி உண்டு. '* 2 * * *'ன்னா ரெண்டு மணிக்கு ஒரு தடவைன்னு நினைப்போம். ரெண்டு மணியிலேர்ந்து 2:59 வரைக்கும் நிமிஷத்துக்கு ஒண்ணா 60 தடவை ஓடும். தேதி, கிழமை ரெண்டு கட்டத்துலயும் நம்பர் போட்டா, ரெண்டும் ஒத்துப்போற நாள்ல மட்டும்னு தோணும். விக்ஸி வகையறாவுல ரெண்டுல எது பொருந்தினாலும் ஓடும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமைன்னு எழுதினா, எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளியும் ஓடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை வரச் சொல்லிட்டு வேலை ஏழு நிமிஷம் இழுத்தா, முந்தினவன் போறதுக்குள்ள அடுத்தவன் வந்து கூட்டம் சேர்ந்துக்கிட்டே போகும். அதுக்கு 'எஃப்லாக்'னு ஒரு பூட்டு இருக்கு. அப்புறம் கிரான்டேப் -இன்னா திருத்தறது, -ஆர்னா மொத்தப் பட்டியலையும் அழிக்கறது. கீபோர்டுல ரெண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்து வீடு. -ஐயும் சேர்த்துப் போடலைன்னா, நிஜமாவான்னு ஒரு வார்த்தை கேக்காம அழிச்சிடும்.

"யோவ், எல்லா ப்ராசஸும் பால் வண்டியா? சிலது உண்மையிலேயே திருடன்யா"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். 2020ல வெளிச்சத்துக்கு வந்த கின்சிங் மாதிரி ஆசாமிங்க, உள்ள பூந்ததும் கிரான்ல நிமிஷத்துக்கு ஒருதடவை வெளியிலேர்ந்து ஸ்க்ரிப்ட் இறக்கற மாதிரி வரி எழுதி வெச்சுட்டு, உங்க கரண்ட்டுல கிரிப்டோ காசு தோண்டுவாங்க. ஆனா அங்கயும் என் கேள்விதான் செல்லும். அந்த வரியை மட்டும் அழிச்சீங்கன்னா நாளைக்குத் திரும்ப முளைக்கும். யார் எழுதினது, எந்தக் கதவு வழியா வந்தான்னு பாத்து அதை அடைக்கணும். நல்லவனோ திருடனோ, வரச் சொன்னவனைக் கண்டுபிடிக்காம வேலை முடியாது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தத் தத்துவம் எல்லாம் பேச முடியுமா?" இதுவும் நியாயம். ரெண்டு மணிக்குக் கொல்லுங்க, வேணாம்னு சொல்லலை. நான் சொல்றது காலைல 11 மணியைப் பத்தி. ராத்திரி கொன்னதைக் காலைல விசாரிக்கணும். நான் 11 ராத்திரி கொன்னேன், ஒரு காலைல கூட விசாரிக்கலை. கடைசியில விசாரிச்சதும் 'எங்க இருக்கு'ன்னு மட்டும்தான். 'எதுக்கு இருக்கு'ன்னு கேக்கலை.

அதைவிட முக்கியமான ஒண்ணு. வேண்டாத ப்ராசஸ்னு நாம சொல்றதுல பாதி, சொந்தக்காரன் இல்லாத ப்ராசஸ். எழுதினவனைத் துரத்திட்டோம், கேட்டவன் வேற கம்பெனிக்குப் போயிட்டான், அனுபவிக்கறவனுக்கு சர்வர்னா என்னன்னே தெரியாது. ஆளைக் குறைக்கறப்ப சம்பளக் கணக்கு மட்டும்தான் பாக்கறாங்க. அந்த ஆள் தலைக்குள்ள இருந்த "2:10 ஏன்"ங்கற கணக்கை எந்த எக்செல் ஷீட்லயும் காணோம். ஒரு மணி நேரத்துல லேப்டாப்பை வாங்கிக்கறது பாதுகாப்புன்னு சொல்றாங்க. யாருக்குப் பாதுகாப்பு? விடியக்காலைல டிப்போவுல நின்ன பசங்களுக்கு இல்ல, அது நிச்சயம்.

கம்பெனியை நம்மால மாத்த முடியாது. நம்ம கிரான்டேப்பை மாத்தலாம். இப்ப எங்க டீம்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். ஒவ்வொரு வரிக்கு மேலயும் # போட்டு நாலு விஷயம்: யார் எழுதினது, யாருக்காக, ஓடலைன்னா என்ன ஆகும், எந்தத் தேதிக்கு மேல வேண்டாம். தேதி தாண்டினா யாராவது ஒருத்தர் போய்க் கேக்கணும். மெயில்டூல ஆள் பேர் கிடையாது, டீம் ஐடி. மொத்தக் கிரான்டேப்பும் கிட்ல இருக்கு. எழுத ரெண்டு நிமிஷம் ஆகும். 'ரெண்டு வாரத்துக்கு மட்டும்தானே'ன்னு தோணும்போதுதான் கண்டிப்பா எழுதணும்.

லோடு ஷீட் வரி மேல நான் எழுதி வெச்சது இது: 'இது ஓடலைன்னா வண்டி கிளம்பாது. 2:10 ஏன்னா இன்டென்ட் 2:00க்கு மூடும். முதல்ல எழுதினவர் வேறொருத்தர், 2018.' பேர் போடலாமான்னு அந்த அண்ணன்கிட்ட கேட்டேன். "வேணாம் தம்பி, அப்புறம் ராத்திரி எனக்குப் போன் பண்ணுவாங்க"ன்னார்.

நீங்களும் இன்னிக்கு ஆபீஸ் போனதும் கிரான்டேப் -எல் அடிச்சுப் பாருங்க. (-எல். கைதவறி -ஆர் அடிச்சுட்டு என்னைத் திட்டாதீங்க.) அதுல ஒரு வரிக்காவது ஏன்னு உங்களுக்கே தெரியாது. பக்கத்து சீட்டுல கேளுங்க. அவருக்கும் தெரியாதுன்னா, தெரிஞ்சவர் எங்கயாவது இருப்பார். ஒரு போன் போடுங்க. பகல்லயே.

டிஸ்கி: அந்தக் கொலைகார கிரானை எடுத்துட்டேன். சத்தியமா எடுத்துட்டேன். எதுக்கும் நேத்து ராத்திரி இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் படுத்தேன்.